பத்துச் செக்கன் மூச்சு

நுரைச்சோலைக் கரையிலே மாலைப் பொழுதில் நிற்பவர்கள் மூன்று காட்சிகளை ஒருங்கே காணலாம். மேற்கே நுரை தள்ளி வரும் கடல்; அதன் ஓரத்தில் உயர்ந்த புகைபோக்கியுடன் நிற்கும் இலக்விஜய அனல்மின் நிலையம்; மாம்புரிப் பக்கமாகப் பார்வையைத் திருப்பினால் வரிசையாய் நிற்கும் காற்றாலைகள். அண்மையில் நம்முடன் கடற்கரைக்கு வந்த பாடசாலை மாணவன் ஒருவன் அந்திப் பொழுதிலே அந்தக் காற்றாலை ஒன்றைத் தன் கைபேசியிற் படம் பிடித்தான். கம்பம் தெளிவாய் விழுந்தது. கரையிலிருந்த தோணியும் தெளிவாய் விழுந்தது. சுழலும் மூன்று அலகுகள் மட்டும் வெண்புகை போலக் கலைந்து தெரிந்தன. "காற்றாலை எங்கே போயிற்று?" என்று அவன் வியந்து கேட்டான்.

காற்றாலை எங்கும் போகவில்லை. வெளிச்சம் குறைந்திருந்தமையால் கமரா தன் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்திருந்தது; அந்த நேரத்துக்குள் அலகு ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு நகர்ந்து விட்டது. அவ்வளவே. நிற்பதைப் படம் பிடிக்க அவசரம் வேண்டியதில்லை. ஓடுவதைப் படம் பிடிப்பவன் அதனினும் விரைந்தவனாய் இருத்தல் வேண்டும்.

இந்தச் சிறு உண்மைதான் மருத்துவ உலகத்தை அரை நூற்றாண்டு காலம் அலைக்கழித்தது. மனித உடம்பிலே ஒரு கணமும் ஓயாத உறுப்பு இதயம். நிமிடத்துக்கு எழுபது தடவையென்று கொண்டாலும் நாளொன்றுக்கு அது ஓரிலட்சம் தடவை துடிக்கின்றது. அதன் இரு மருங்கிலும் நுரையீரல்கள் விரிந்து சுருங்கி அதனை அசைத்துக் கொண்டேயிருக்கின்றன. இப்படித் துள்ளும் ஒன்றை, உடம்பைக் கீறாமல், எக்ஸ்-கதிரும் பாய்ச்சாமல், வெறுங் காந்தத்தாலும் வானொலி அலையாலும் படம் பிடிப்பது எங்ஙனம்? அதனை விரைவாகச் செய்வதால் நம்மவர்க்கு வரும் நன்மை யாது? இவ்வாரம் இதனை ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு முன் ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பன்னிரண்டு வயது. தந்தையார் கற்பிட்டிக் கடலில் அட்டைக்கும் சங்குக்கும் முக்குளிப்பவர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பிள்ளைக்கு வைத்தியசாலையில் இரத்தம் ஏற்றப்படுகின்றது. அவனுக்கு ஓராண்டு நிரம்புவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். நோயின் பெயர் தலசீமியா. குருதிக்குச் செந்நிறம் தருவதும் மூச்சுக்காற்றைச் சுமந்து செல்வதுமான ஈமோகுளோபின் என்னும் பொருளைச் செவ்வனே ஆக்கும் ஆற்றல் இந்நோயாளர்க்குப் பிறவியிலேயே இல்லை. பிறர் தரும் இரத்தமே அவர்களுக்கு உயிர்.

இந்நோய் நம் பகுதிக்குப் புதிதன்று. வடமேல், வடமத்திய, ஊவா மாகாணங்களில் இது கூடுதலாகக் காணப்படுவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. இவை நெடுங்காலம் மலேரியாக் காய்ச்சல் ஆட்சி புரிந்த நிலங்கள். 1934, 1935 ஆம் ஆண்டுகளிற் பரவிய கொள்ளை மலேரியாவில் இலங்கை முழுதும் எண்பதினாயிரம் பேரளவில் மாண்டனர் என்பது வரலாறு. தலசீமியாக் கூற்றினைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பங்கு மட்டும் பெற்றவர்களுக்கு நோய் இல்லை. அதற்கு மாறாக மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு உண்டு. ஆதலின் காய்ச்சல் மிகுந்த நாட்டில் அவர்கள் பிழைத்துப் பெருகினர். இருவரிடமிருந்தும் இரு பங்கையும் பெற்ற குழந்தையே நோயாளி ஆகின்றது. 2016 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. காய்ச்சல் போய்விட்டது, அது விட்டுச்சென்ற முத்திரை நம் இரத்தத்திலே நிற்கின்றது. குருநாகலிலே தேசிய தலசீமியா நிலையம் அமைந்திருப்பதும் காரணமின்றி அன்று. இங்கிருந்து பாலாவி, புத்தளம், நிக்கவரட்டிய, வாரியப்பொல என்று ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் பயணம்.

இனி, இரத்த நோய்க்கும் இதயப் படத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு இரும்பு.

ஏற்றப்படும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. நம் உடம்போ நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவு இரும்பையே இழக்கின்றது. மிகுந்ததை வெளியேற்ற அதற்குத் தனி வழி கிடையாது. அப்படியாயின் ஒரே ஒரு பை இரத்தத்தின் இரும்பு 200 நாட் கணக்கு. மாதம் இரண்டு பை வீதம் ஆண்டுக்கு 24 பை ஏற்றப்படும் இளைஞனின் உடம்பில் 4,800 மில்லிகிராம், அதாவது ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைந்த இரும்பு சேரும். நலமுள்ள வளர்ந்த மனிதனின் உடம்பு முழுவதிலும் உள்ள இரும்பே மூன்று நான்கு கிராம்தான்! உயிர் தரும் இரத்தமே ஆண்டுதோறும் ஓர் உடம்பளவு இரும்பைக் கொண்டுவந்து கொட்டுகின்றது.

அந்த இரும்பு ஈரலிற் படிகின்றது, சுரப்பிகளிற் படிகின்றது, ஈற்றில் இதயத் தசையிலும் படிகின்றது. இரும்பு படிந்த இதயம் சிலகாலம் ஒன்றும் நேராதது போலவே துடிக்கும். பின்பு திடீரெனத் தளரும், அல்லது தாளம் பிசகும். முன்னாளிலே தலசீமியாப் பிள்ளைகள் பதின்ம வயதிலும் இருபதுகளிலும் மாண்டமைக்குத் தலையாய காரணம் இதுவே.

இரும்பை இழுத்து வெளியேற்றும் மருந்துகள் இல்லாமலில்லை. இரவு முழுதும் தோலின் கீழ்ச் சிறு ஊசியால் ஏற்றப்படும் டெஸ்பெரியொக்சமின். வாயால் உட்கொள்ளும் டெபெரிப்ரோன், டெபெரசிரொக்ஸ் என்பன அவை. எவருக்கு எந்த மருந்து, எவ்வளவு, எப்பொழுது என்று தீர்மானிப்பதற்கு இதயத்தில் இரும்பு எவ்வளவு என்று தெரிதல் வேண்டும். இங்கேதான் இடர். இரத்தத்தைச் சோதித்து அறியும் பெரிற்றின் அளவு உடம்பின் மொத்தச் சுமையை ஒருவாறு காட்டும். இதயத்தின் நிலையைக் காட்டாது. ஈரலில் இரும்பு குறைந்து இதயத்தில் மிகுந்தவர்களும் உளர். மறுதலையாய் உள்ளவர்களும் உளர். ஒலியலைப் பரிசோதனையோ இதயம் தளரத் தொடங்கிய பின்பே குறை சொல்லும். வீட்டுக்குள் வெள்ளம் வந்தபின் அணை உடைந்ததென்று அறிவதுபோல் அது.

காந்தப் பரிவுப் படம் இந்த இடத்திலே கை கொடுக்கின்றது. எம்.ஆர்.ஐ. என்று வைத்தியசாலைகளில் வழங்குவது இதனையே.

அதன் செய்கையை எளிதாகச் சொல்வோம். நம் உடம்பிற் பெரும்பகுதி நீர்; நீரிலே ஐதரசன் அணுக்கள் கோடானுகோடி. ஒவ்வொன்றின் கருவும் ஒரு நுண்ணிய காந்தம். நோயாளர் கிடத்தப்படும் குழாயைச் சூழ்ந்து வலிமை மிக்க காந்தம் ஒன்று இருக்கின்றது. அதன் கம்பிச் சுருள்கள் திரவ ஈலியத்தில் மூழ்கிப் பூச்சியத்துக்குக் கீழ் 269 பாகை செல்சியசு அளவு குளிரில் இருப்பதால் மின்தடையே இன்றி மின்னோட்டத்தைத் தாங்குகின்றன. அந்தக் காந்தப்புலத்தில் ஐதரசன் கருக்கள் ஒழுங்கு பெறுகின்றன. அவற்றுக்கு இயைந்த வானொலி அலையை ஒரு கணம் அனுப்பினால் அவை சேர்ந்து அசைந்து, மறுகணம் தாமே ஒரு மெல்லிய வானொலிக் குறிப்பைத் திருப்பி அனுப்புகின்றன. எந்தக் குறிப்பு எந்த இடத்திலிருந்து வந்தது என்று கணினி பிரித்தறிந்து படத்தை வரைகின்றது.

கமரா ஒரு நொடியில் முழுப் படத்தையும் பெறுகின்றது. இந்தப் பொறி அப்படிப் பெறுவதில்லை. நெசவுக்காரர் ஊடிழையை ஒவ்வொன்றாய்ச் செலுத்துவது போல, ஒவ்வொரு வரியாகச் சேகரித்தே படத்தை ஆக்குகின்றது. இதிலேதான் தாமதம் பிறக்கின்றது. ஒரு வரிக்கு 3 மில்லிசெக்கன் என்றும், ஒரு படத்துக்கு 150 வரி வேண்டும் என்றும் கொள்வோம். முழுப் படத்துக்கு 450 மில்லிசெக்கன், ஏறத்தாழ அரைச் செக்கன். அதற்குள் இதயம் சுருங்கி விரிந்துவிடும். அந்தி வேளையிற் காற்றாலையைப் பிடித்த கதைதான்.

விஞ்ஞானிகள் கண்ட உபாயம் இது. மார்பில் ஒட்டிய மின்வாய்களால் துடிப்பை அறிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே கட்டத்தில் 15 வரிகளை மட்டும் எடுப்பது. அதற்கு 45 மில்லிசெக்கன் போதும். அடுத்த துடிப்பில் அதே கட்டத்தில் அடுத்த 15 வரிகள். இப்படிப் பத்துத் துடிப்புகளில் 150 வரியும் நிறைந்துவிடும். காற்றாலையின் அலகு உச்சிக்கு வரும் ஒவ்வொரு முறையும் படத்தின் ஒரு துண்டை மட்டும் வரைந்து, பத்துச் சுற்றில் முழுப் படத்தையும் முடிப்பது போன்ற தந்திரம் இது.

ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பத்துத் துடிப்பும் ஒரே சீராய் இருத்தல் வேண்டும். அந்தப் பத்துத் துடிப்புக்கும் நோயாளர் மூச்சை அடக்குதல் வேண்டும். நிமிடத்துக்கு எழுபது துடிப்பெனின் ஒன்பது செக்கன் அளவு ஆகும். ஒரு முறை அன்று; இதயத்தை மேலிருந்து கீழாகப் பத்துப் பன்னிரண்டு துண்டங்களாகப் பார்ப்பதற்கு அத்தனை முறை. மற்றப் படங்களையும் சேர்த்தால் முழுச் சோதனைக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை. நலமுள்ளவர்க்கே இது களைப்பு. மூச்சிரைக்கும் முதியவரும், குழாயினுள் எழும் தட்டலோசையைக் கேட்டு மிரளும் குழந்தையும் என் செய்வர்? எவர் இதயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டுமோ அவரே மூச்சடக்க மாட்டாதவர். இந்த முரண்பாட்டை நீக்குவதற்கு விரைவு ஒன்றே வழி.

விரைவின் வரலாறு சுவையானது. 1973 இல் போல் லோட்டர்பர் என்னும் அமெரிக்க அறிஞர் காந்தப் பரிவால் இரண்டு நீர்க் குழாய்களைப் படமாக்கிக் காட்டினார். இங்கிலாந்தின் பீற்றர் மான்ஸ்பீல்ட் படத்தை விரைந்து பெறும் கணித வழியை வகுத்தார். 2003 இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 1977 ஜூலை 3 ஆம் நாள் நியூயோர்க்கிலே ரேமண்ட் டமேடியன் குழுவினர் மனித மார்பின் முதற் படத்தை எடுத்தபொழுது அந்த ஒரு படத்துக்குச் சென்ற நேரம் ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றே குறைவு. 1985 இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து யென்ஸ் பிராம் குழுவினர் சிறு கோணத்தில் விரைவாகத் துடிப்பூட்டும் முறையைக் கண்டு, நிமிடங்களைச் செக்கன்களாக்கினர். துடிக்கும் இதயத்தைச் சலனப்படமாய்க் காணும் வாயில் அதனால் அகலத் திறந்தது.

அடுத்த பாய்ச்சல் கேட்கும் காதுகளைப் பெருக்கியதால் வந்தது. நம் கரையில் ஒருவரே நின்று திரும்பிவரும் தோணிகளையெல்லாம் கணக்கிட்டால் பொழுது சாய்ந்துவிடும். கரை நெடுகப் பத்துப்பேர் இருந்து, ஒவ்வொருவரும் தமக்கு அண்மையில் வருவதைக் குறித்துக் கொண்டால் வேலை விரைவில் முடியும். மார்பைச் சுற்றிப் பல சுருள்களை வைத்து, ஒவ்வொன்றும் தனக்கு அண்மையிலுள்ள பகுதியை உரத்துக் கேட்கச் செய்து, குறைந்த வரிகளைக் கொண்டே படத்தை நிறைவாக்கலாம் என்று 1997 இல் பொஸ்டனில் டானியல் சொடிக்சனும், 1999 இல் சூரிச்சில் கிளாஸ் பிரூஸ்மனும் காட்டினர். நேரம் பாதியாயிற்று, சில வேளை மூன்றிலொன்றாயிற்று.

பின்னர் கணிதம் கை கொடுத்தது. பன்பாய் பின்னும் பெண்மணி ஒருவர் பாதிப் பாயைப் பின்னி வைத்துவிட்டுப் போனாலும், அந்தக் கோலத்தை அறிந்த இன்னொருவர் மீதியை வழுவாது முடித்துவிடுவார். கோலத்தில் ஒழுங்கு இருப்பதால் ஒவ்வோர் இழையையும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. மனித உடம்பின் படத்திலும் அத்தகைய ஒழுங்கு உண்டு. அதனைப் பயன்படுத்தி, வரிகளில் ஒரு சிறு பங்கை மட்டும் சிதறலாய் எடுத்து, மீதியைக் கணித்துக் கொள்ளலாம் என்ற கோட்பாட்டை 2006 ஆம் ஆண்டளவில் டேவிட் டொனோகோ, எம்மானுவல் கான்டெஸ், ரெரன்ஸ் டாவோ முதலிய கணித மேதைகள் நிறுவினர். 2007 இல் ஸ்டான்போர்டில் மைக்கேல் லஸ்டிக் முதலானோர் அதனைக் காந்தப் பரிவுப் படத்துக்குப் பொருத்திக் காட்டினர். 2010 இல் அதே கோட்டிங்கன் குழுவினர், மூச்சை அடக்கவும் வேண்டாம், துடிப்பைக் கணக்கிடவும் வேண்டாம் என்று, செக்கனுக்கு ஐம்பது படம் வரை எடுத்து ஓடும் இதயத்தை ஓடியபடியே காட்டினர். ஐந்து மணித்தியாலத்திலிருந்து ஐம்பதில் ஒரு செக்கன்! முப்பத்து மூன்று ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது.

இனி இரும்புக் கதைக்குத் திரும்புவோம். வகுப்பிலே முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு ஒப்புவிப்பதை எண்ணுக. தொடக்கத்தில் ஒரே ஓசை. போகப் போக ஒருவர் முந்த, ஒருவர் பிந்த, ஓசை கலைந்து மங்கும். இடையிலே குழப்படிக்காரர் நால்வரைச் சேர்த்துவிட்டால் அது இன்னும் விரைவிற் கலையும். ஐதரசன் கருக்கள் சேர்ந்தெழுப்பும் குறிப்பும் அப்படியே மங்குகின்றது. தசையிற் படிந்த இரும்பே அங்கே குழப்படிக்காரர். குறிப்பு எத்தனை மில்லிசெக்கனில் மங்குகின்றது என்று அளந்தால் இரும்பின் அளவு தெரிந்துவிடும். இந்த அளவை ரி-டூ-ஸ்டார் என்பர். நலமுள்ள இதயத்தில் இது 40 மில்லிசெக்கன் அளவு. 20 க்குக் கீழ் இறங்கினால் இரும்பு படிந்துவிட்டது. 10 க்குக் கீழ் இறங்கினால் ஆபத்து வாசலில் நிற்கின்றது.

2001 இல் இலண்டன் றோயல் புரொம்டன் வைத்தியசாலையில் டட்லி பெனல் என்பாரும் அவர்தம் கூட்டத்தாரும் இந்த முறையை வெளியிட்டனர். முதலிலே இதற்குப் பல முறை மூச்சடக்க வேண்டியிருந்தது. 2003 இல் ஒரே மூச்சடக்கலில் எட்டுக் குறிப்புகளையும் பெறும் வழி வந்தது. 2009 இல் 652 நோயாளரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு திகைக்க வைப்பது: ஓராண்டுக்குள் இதயத் தளர்ச்சி கண்டவர்களுள் 98 வீதத்தினரின் அளவு 10 மில்லிசெக்கனுக்குக் கீழ் இருந்தது. அதாவது, ஆபத்து முன்னறிவித்தே வருகின்றது. அறிவிப்பை வாசிக்கும் கருவிதான் முன்பு இல்லாதிருந்தது. முன்னறிந்தால் தக்க மருந்தைக் கூட்டி இரும்பை இறக்கலாம், இதயம் மீளும். பிரித்தானியாவில் தலசீமியா நோயாளரிடையே ஆண்டுதோறும் ஆயிரவருக்கு 12.7 ஆயிருந்த இறப்பு, 2000 ஆம் ஆண்டின் பின்னர் 4.3 ஆகக் குறைந்தது. இதய இரும்பால் வந்த சாவு குறைந்ததே அதற்குப் பெருங்காரணம். வாய்வழி மருந்துகளுக்கும் இதிற் பங்குண்டு; ஆயினும் யாருக்கு அவசரம் என்று சுட்டிக் காட்டியது இந்தப் படமே.

அது செல்வ நாட்டுக் கதை என்று சிலர் கூறலாம். நோயாளரிற் பெரும்பாலோர் வாழ்வதோ ஆசியாவில். காந்தப் பரிவுப் பொறி விலை மிகுந்தது. அதன் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் மூளை நோயாளர், முதுகெலும்பு நோயாளர், புற்றுநோயாளர் என்று பலர் காத்திருக்கின்றனர். இந்நிலையில் தாய்லாந்தும் பிரித்தானியாவும் சேர்ந்து பாங்கொக்கிலே ஒரு முயற்சி செய்து, 2016 இல் அதன் பயனை வெளியிட்டன. இதயம், ஈரல் இரண்டின் இரும்பையும் அளக்கும் சோதனையை இன்றியமையாத பகுதிகளாக மட்டும் சுருக்கி, நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரைப் பார்த்தனர். ஒருவருக்கு ஆன நேரம் ஏறத்தாழ எட்டு நிமிடம், மணிக்கு ஐவர். பின்னர் பெரு நாட்டு லீமா நகரிலும் வேறு இதய நோயாளருக்கு ஒரு சுருக்க முறையைக் கையாண்டனர். ஒருவருக்குப் பதினெட்டு நிமிட அளவில் முடிந்தது. அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோரின் சிகிச்சையை அந்தப் படம் மாற்றியமைத்தது.

நம் நாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலங்கைச் சிகிச்சை நிலையங்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பிலே 1,700 க்கு மேற்பட்ட தலசீமியா நோயாளர் பதிவாயினர். எல்லோருக்கும் ஆண்டுக்கொருமுறை இதயப் படம் என்று கணக்கின் பொருட்டுக் கொள்வோம். ஒருவருக்கு ஒரு மணித்தியாலம், நாளுக்கு எட்டு மணித்தியாலம் எனின், ஒரு பொறி 212 நாட்களுக்கு மேல் இதற்கே உழைக்க வேண்டும். அது நடவாத காரியம். மணிக்கு ஐவர் எனின் நாளுக்கு நாற்பது பேர். 43 நாட்களில் வேலை முடிந்துவிடும். வாரத்தில் ஒரு நாளுக்கும் குறைவு. பொறி அதே பொறி. காந்தம் அதே காந்தம். நேரத்தைச் சுருக்கியதால் நடவாதது நடக்கக் கூடியதாகின்றது. விரைவு என்பது செல்வர்க்குரிய வசதி என்று எண்ணுவோர் இந்தக் கணக்கைச் சற்று நோக்குக. வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கு இடம் கிடைப்பது விரைவினாலேயே.

இவ்வளவும் சொன்ன நாம் சில எச்சரிக்கைகளையும் சொல்லாது விடுதல் முறையன்று. குறைந்த வரிகளைக் கொண்டு நிறைந்த படத்தை ஆக்குவது ஒருவகை ஊகமே. பாயின் கோலத்தை அறிந்தவர் மீதியைப் பின்னலாம். ஆனால் முதலிற் பின்னியவர் ஓரிடத்தில் வேண்டுமென்றே புதுக்கோலம் இட்டிருந்தால், பின்வந்தவர் அதனைப் பழைய கோலமாகவே முடித்துவிடக் கூடும். நோய் என்பது அத்தகைய புதுக்கோலம். அண்மைக் காலத்தில் ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிய செயற்கை நுண்ணறிவுக் கணினி முறைகள் இந்த வேலையை ஏற்றுள்ளன. அவற்றின் விரைவு வியப்புக்குரியது; ஆயினும் இல்லாததை இருப்பதாகவும், இருப்பதை இல்லாததாகவும் அவை வரைந்துவிடாதபடி கண்காணித்தல் வேண்டும். மேலும், நாம் மேற்கூறிய 20, 10 என்னும் எல்லைகள் 1.5 ரெஸ்லா வலிமையுள்ள காந்தத்துக்கே உரியன. வேறு வலிமைக்கு அவை பொருந்தா. ஆதலின் பொறியோடு கூடவே பயிற்சி பெற்ற வைத்தியரும் படப்பிடிப்பாளரும் வேண்டும். வாங்கிய பொறி விரைந்தாலும் அறிவு விரையாவிடின் பயனில்லை.

இன்னுமொன்று. எத்தனை விரைவான படமும் நோயைத் தடுக்காது. கணவன் மனைவி இருவரும் இந்தக் கூற்றைச் சுமப்பவராயின், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு. சுமப்பவர் எவ்வகையிலும் நோயாளர் அல்லர். அவரை எவரும் குறைத்து மதிப்பது அறியாமை. எளிய இரத்தப் பரிசோதனை ஒன்று இதனைத் திருமணத்துக்கு முன்பே அறிவித்துவிடும். சாதகம் பார்ப்போரும், சீதனம் பேசுவோரும், பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ பெயர் கொடுப்போரும் அந்தச் சிறு சோதனையையும் ஒரு சடங்காய்க் கொள்வார்களாயின், நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வைத்தியசாலைக் கட்டிலைக் காணாமலே வளர்வர். உயர்தர வகுப்பு மாணவர்கள் இதனைத் தத்தம் வீடுகளில் எடுத்துச் சொல்லலாம். பெரியோர் பல வேளைகளில் பிள்ளைகளிடமிருந்தே புதியன கற்கின்றனர்.

முடிவாக, நாம் முன்சொன்ன சிறுவனின் கதைக்கு வருவோம். அவனுக்கு இதயப் படம் எடுக்க நாள் குறித்ததும், மூச்சடக்க வேண்டும் என்பதை அறிந்த தந்தையார் தாமே ஆசிரியரானார். கடலின் அடியில் நெடுநேரம் மூச்சடக்குவதையே தொழிலாய்க் கொண்டவர் அல்லவா? மாலைதோறும் முற்றத்தில் மகனை மல்லாக்கக் கிடத்தி, "நெஞ்சு நிறைய இழுத்து வை, மகன், பதறாதே" என்று பயிற்றுவித்தார். தாயார் விரல் மடக்கி எண்ணினார். மூன்றிலிருந்து ஆறு, ஆறிலிருந்து பத்து. பையன் தேறிவிட்டான்.

படம் எடுக்கும் நாளிலே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. பொறியை இயக்குபவர், "மூச்சை உள்ளே இழுக்காதே, தம்பி, முழுவதும் வெளியே விட்டுவிட்டு அடக்கு" என்றார். மூச்சை வெளிவிட்ட நிலையில் இதயம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும் என்பதே காரணம். முக்குளிப்பவரின் பாடம் தலைகீழாயிற்று. வெறுநெஞ்சோடு பத்துச் செக்கன் என்பது கடலில் ஒரு நிமிடத்துக்குச் சமம். முதல் முறை ஐந்தில் திணறினான். இரண்டாம் முறை ஏழு. மூன்றாம் முறை பத்தையும் தாண்டினான். இரும்பை அளப்பதற்கு அந்த ஒரு மூச்சே போதுமாயிருந்தது. பழைய முறையானால் அப்படிப் பல மூச்சு வேண்டியிருந்திருக்கும். அந்தப் பிள்ளையால் அது இயன்றிராது.

வந்த விடை 16 மில்லிசெக்கன். நல்ல செய்தியும் அன்று. கைவிட்ட செய்தியும் அன்று. இரும்பு கதவைத் தட்டிவிட்டது, உள்ளே குடியேறவில்லை. மருந்து மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு மீண்டும் படம்.

அதற்காக இப்பொழுது தந்தையும் மகனும் புதுப் பயிற்சியில் இருக்கின்றனர். அந்தி வேளையில் அவர்கள் வீட்டு வேலியோரம் நடந்தால், கடலின் இரைச்சலுக்கிடையே தாயார் எண்ணும் குரல் கேட்கும். இம்முறை மூச்சை வெளியே விட்டபின்பே அவர் ஒன்றென்று தொடங்குகின்றார்.